மார்க்கர் சொல்வது ஆயுளையா, மருந்தையா? நுரையீரல் புற்றுநோய் ரிப்போர்ட்டில் நான்கு பெயர்கள்

நுரையீரல் புற்றுநோய் என்று பயாப்சி சொன்ன பிறகு, கொஞ்ச நாளில் இன்னொரு ரிப்போர்ட் கைக்கு வரும். ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே, கேராஸ், பிடி-எல்1 என்று பெயர்கள். புற்றுநோய் செல்லில் தேடப்படும் இந்த அடையாளங்களைத்தான் மார்க்கர் என்கிறார்கள். பக்கத்தில் பாசிட்டிவ் அல்லது நெகட்டிவ், கடைசியில் ஒரு சதவீதம். வாங்கிப் பார்ப்பவர் கேட்பது ஒன்றுதான்: இது நல்லதா, கெட்டதா?

அந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. நோய் தன் போக்கில் எவ்வளவு வேகமாகப் போகும்? கொடுக்கப்போகும் மருந்து கேட்குமா? என்னைக் கேட்டால், இந்த நால்வரும் உருப்படியாகப் பதில் சொல்வது இரண்டாவதுக்குத்தான். முதல் கேள்விக்கான பதிலோ, புது மருந்து வரும்போதெல்லாம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

முதலில் ஈஜிஎஃப்ஆர். இந்த மரபணுவில் மாற்றம் இருந்தால் ஜெஃபிடினிப் மாத்திரை கேட்கும் என்பது 2004-இல் தெரியவந்தது. அதைச் சந்தேகமில்லாமல் நிறுவியது 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வு. புகைக்காத அல்லது முன்பு கொஞ்சமாகப் புகைத்து விட்டுவிட்ட ஆசிய நோயாளிகளைச் சேர்த்து, ஒரு பாதிக்கு மாத்திரை, மறு பாதிக்குக் கீமோ கொடுத்தார்கள். மாத்திரை எடுத்தவர்களில் மாற்றம் உள்ளவர்களுக்கு 71 சதவீதம் பேரிடம் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாதவர்களில்? 1 சதவீதம். ஒரே மாத்திரை, ஒரே மாதிரி நோயாளிகள், இடையில் இருந்தது அந்த ஒரு மரபணு மாற்றம் மட்டும்தான்.

ஆனால் ஆயுள் கணக்குக்குப் போனால் கதை வேறு. மாற்றம் உள்ளவர்களில் மாத்திரையில் தொடங்கியவர்கள், கீமோவில் தொடங்கியவர்கள் இரு தரப்பும் சராசரியாக 22 மாதம் வரை இருந்தார்கள். மாற்றம் இல்லாதவர்கள் 11 முதல் 13 மாதம். அப்படியானால் ஈஜிஎஃப்ஆர் மாற்றம் இருப்பதே நல்ல சகுனமா? அப்படிச் சொல்லிவிட முடியாது. கீமோவில் தொடங்கியவர்களில் பலர் பிறகு மாத்திரைக்கு மாறிவிட்டார்கள். நோயின் குணம் எவ்வளவு, மருந்தின் கை எவ்வளவு என்று அங்கே பிரித்துப் பார்க்க வழியில்லை. அடுத்த தலைமுறை மருந்தான ஓசிமெர்டினிப்பை முதலிலேயே கொடுத்தபோது சராசரி ஆயுள் 38.6 மாதம் ஆனது. பழைய மாத்திரைகளுக்கு 31.8. மரபணு அதேதான், மருந்துதான் மாறியது.

ஒரு எச்சரிக்கை. 'ஈஜிஎஃப்ஆர் பாசிட்டிவ்' என்ற இரண்டு வார்த்தை போதாது. மரபணுவின் 19-ஆம் எக்ஸான் என்ற பகுதியில் நீக்கமா, எல்858ஆர் என்ற மாற்றமா, 20-ஆம் எக்ஸானில் செருகலா என்று பார்க்க வேண்டும். முதல் இரண்டுக்கும் வழக்கமான மாத்திரைகள் கேட்கும். 20-ஆம் எக்ஸான் செருகலில் பெரும்பாலானவற்றுக்குக் கேட்காது.

ஏஎல்கே ஆளை அபூர்வமாகத்தான் பார்ப்போம். நூறு நோயாளிகளில் மூன்று முதல் ஐந்து பேர். நுரையீரல் புற்றுநோயில் இந்த மரபணு மாற்றத்தை 2007-இல் ஜப்பானில் கண்டுபிடித்தார்கள். இந்த வகை மூளைக்குப் பரவுவதில் கெட்டிக்காரன், மருந்து இல்லாத காலத்தில் யாரும் இதை நல்ல செய்தி என்று சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று நிலைமை தலைகீழ். முதல் மருந்தான கிரிசோடினிப்பையும் பின்னால் வந்த லோர்லாடினிப்பையும் நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வில், ஐந்து வருடம் கழித்தும் நோய் முற்றாமல் இருந்தவர்கள் லோர்லாடினிப் பக்கம் 60 சதவீதம், கிரிசோடினிப் பக்கம் 8 சதவீதம். பரவிய நுரையீரல் புற்றுநோயில் இப்படி ஓர் எண் அபூர்வம். ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது, மனநிலை தடுமாறுவது என்று லோர்லாடினிப்புக்குத் தொல்லைகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும்.

கேராஸ்தான் நால்வரில் பாவப்பட்டது. நுரையீரல் புற்றுநோயில் இதன் மாற்றம் மற்ற இரண்டையும் விட முன்பே, 1980-களிலேயே தெரிந்த விஷயம். மருந்தே பிடிபடாது என்று கைவிட்டிருந்தார்கள். 2013-இல் அந்தப் புரதத்தில் மருந்து ஒட்டிக்கொள்ள ஒரு பொந்து இருப்பது தெரிந்தது. 2021-இல் ஜி12சி என்ற மாற்றத்துக்கு மட்டும் சோடோராசிப் வந்தது. ஆனால் கீமோவோடு ஒப்பிட்டால் நோய் அடங்கி இருந்தது 4.5 மாதத்துக்குப் பதில் 5.6 மாதம், ஆயுளில் வித்தியாசம் தெரியவில்லை. கூடவே எஸ்டிகே11, கீப்1 மரபணுக்களும் கெட்டிருந்தால், உடலின் நோய் எதிர்ப்பு சக்தியைக் கட்டிக்கு எதிராகத் தூண்டும் இம்யூனோதெரபியும் பெரும்பாலும் சொதப்புகிறது.

பிடி-எல்1 இந்த மூன்றின் ஜாதியே இல்லை. இது மரபணு மாற்றம் அல்ல, செல்லின் மேல் இருக்கும் புரதம். நோய்க்குறியியல் மருத்துவர் கண்ணாடித் தகட்டில் சாயமேற்றிய திசுவைப் பார்க்கிறார். புற்றுநோய் செல்லின் ஓரத்தில் பழுப்புக் கோடு தெரிந்தால் அது கணக்கில் சேரும். குறைந்தது 100 செல்லாவது இருக்க வேண்டும். அதில் எத்தனை பழுப்பு என்பதுதான் அந்தச் சதவீதம். 50 என்பது எல்லைக்கோடு. ஒருவர் கண்ணுக்கு 45, இன்னொருவர் கண்ணுக்கு 55 என்று வரலாம். கட்டியின் வேறு மூலையில் குத்தி எடுத்திருந்தால் வேறு எண் வந்திருக்கலாம். புரதத்தைப் பிடித்துக் காட்டச் சோதனையில் ஆன்டிபாடி சேர்ப்பார்கள்; அதில் எஸ்பி142 என்ற ஆன்டிபாடி மற்றவற்றைவிடக் குறைவான செல்களுக்கே சாயமேற்றும் என்பது வேறு.

இவ்வளவு நெளிவு சுளிவு இருந்தும் இது வேலை செய்கிறது. 50-க்கு மேல் உள்ளவர்களுக்கு முதலிலேயே பெம்ப்ரோலிசுமாப் என்ற இம்யூனோதெரபி மருந்தைக் கொடுத்த ஆய்வில், ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 32 சதவீதம். கீமோவில் தொடங்கியவர்கள் 16. அந்த ஆய்வில் ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே மாற்றம் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு பிடி-எல்1 90 சதவீதம் வந்தாலும் அந்த எண்ணை நம்பி இறங்கக் கூடாது. இம்யூனோதெரபி போட்ட கையோடு ஓசிமெர்டினிப் கொடுத்தால் நுரையீரல் அழற்சி கடுமையாக வரும் ஆபத்தும் உண்டு. நான்கில் எது முதலில் வந்தாலும், ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே முடிவு தெரியும்வரை இம்யூனோதெரபியை நிறுத்திவைப்பதே என் கட்சி.

முன்பு ஈஆர்சிசி1 என்று ஒரு மார்க்கர் இருந்தது. 2006-இல் இந்தப் புரதம் இல்லாதவர்களுக்கு சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து நன்றாகக் கேட்கும் என்று வந்த ஆய்வு பெரிய நம்பிக்கை கொடுத்தது. 2013-இல் அதே ஆன்டிபாடியை வைத்துத் திரும்பச் செய்தபோது பழைய முடிவு வரவில்லை. ஆன்டிபாடியின் புது பேட்ச் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. அதோடு, புரதத்தின் நான்கு வடிவங்களில் வேலை செய்யும் ஒன்றை மட்டும் அடையாளம் காட்ட எந்த ஆன்டிபாடியாலும் முடியவில்லை. மார்க்கர் என்றதும் எனக்குக் கொஞ்சம் கை நடுங்குவது இதனால்தான்.

மார்புக்கூட்டுக்குள் வரும் மற்ற வகைப் புற்றுநோய்களில் இந்தப் பட்டியல் அவ்வளவாக உதவாது. நுரையீரல் புற்றுநோயின் சிறுசெல் வகையில் டிபி53, ஆர்பி1 இரண்டும் கிட்டத்தட்ட எல்லோரிடமும் கெட்டிருக்கும், அதை வைத்து யாரையும் பிரிக்க முடியாது. நுரையீரலைச் சுற்றிய சவ்வில் வரும் மீசோதெலியோமாவில் பிஏபி1 என்ற மரபணு நோயைக் கண்டுபிடிக்கத்தான் அதிகம் உதவுகிறது. போக்கைச் சொல்வது இன்னமும் மைக்ரோஸ்கோப்பில் தெரியும் செல்லின் உருவம்தான்.

அப்புறம், திசு. பயாப்சியில் கிடைப்பது நூல் போன்ற துணுக்கு. மெழுகுக் கட்டியில் பதித்துச் சீவச் சீவத் தீர்ந்துவிடும். ஒவ்வொரு மரபணுவாகத் தனித்தனியே கேட்டால் நாலாவது சோதனைக்கு மிச்சம் இருக்காது. அதனால் எல்லா மரபணுக்களையும் சேர்த்துப் பார்க்கும் என்ஜிஎஸ்ஸை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. தீர்ந்தே போனால் ரத்தத்தில் பார்க்கலாம். அதில் பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். நெகட்டிவ் வந்தால் திரும்பவும் திசுவுக்கே போக வேண்டும்.