மினாக்ஸ் டேங்கா, 16 மி.மீ. ரீலா? வடசென்னை வெயிலில் சின்ன ஃபிலிம் கழுவுவோருக்கு

மினாக்ஸ் என்ற குட்டிக் கேமராவின் நெகட்டிவ் 8க்கு 11 மில்லிமீட்டர்தான், 35 மி.மீ. ஃபிரேமில் பத்தில் ஒரு பங்கு. பத்து அங்குல அகலத்துக்குப் பிரிண்ட் போட்டால் 23 மடங்கு பெரிதாகிறது, 35 மி.மீ. 7 மடங்கோடு நின்றுவிடும். ஃபிலிம் சீராகக் கறுக்காமல் விழும் திட்டு, பெரிய ஃபிலிமில் கண்ணில் படாதது, இதில் வானம் முழுக்கத் தெரிவது அதனால்தான்.

திட்டு விழுந்ததும் எல்லோரும் டேங்கை, அதாவது ஃபிலிம் கழுவும் மூடிய பாத்திரத்தை, குறை சொல்கிறார்கள். தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் முதலில் சந்தேகிக்க வேண்டியது சூட்டை. சித்திரையில் மாடித்தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில், 20 டிகிரிக்குச் சொன்ன நேரம் பாதிக்கும் கீழே போய்விடும். டெவலப்பிங் நேரம் 5 நிமிடத்துக்குக் குறைந்தால் சீராக வராது என்று கோடாக்கே எச்சரிக்கிறது. மருந்தை (டெவலப்பரை) ஊற்றி முடிக்கும் சில நொடிகளே மொத்த நேரத்தில் பெரிய பங்காகிவிடுகின்றன. முதலில் நனைந்த முனை கூடுதலாகக் கறுக்கிறது.

மினாக்ஸ் டேங்கின் பெரிய பலம், பகல் வெளிச்சத்திலேயே ஃபிலிமை ஏற்றிவிடலாம். காசிமேட்டுக் கடல் ஈரத்தில் மூடிய அறைக்குள் வியர்த்த கையோடு ரீலில் (ஃபிலிமைச் சுற்றும் சக்கரத்தில்) ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். மருந்தும் ஐம்பது மில்லியை ஒட்டித்தான் பிடிக்கும். ஆனால் நம் ஊரில் அந்தச் சிக்கனமே பாதகம்: அவ்வளவு குறைந்த மருந்து அறைச் சூட்டில் விறுவிறுவென ஏறும். கலக்குவதற்கும் நடுவிலிருக்கும் தெர்மாமீட்டரை மேலும் கீழும் அசைப்பதுதான் வழி. சோம்பலாக அசைத்தால் திட்டு நிச்சயம்.

16 மி.மீ. ரீல் போட்ட சாதாரண டேங்கில் மருந்து அதிகம். சூடு நிதானமாக ஏறும். தலைகீழாகக் கவிழ்த்தும் ஆட்டலாம். 16 மி.மீ. ஃபிலிம் போடும் மினோல்டா 16 கேமரா வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் இதற்குப் போகலாம். வேகமாக ஆட்டக்கூடாது: ஓரங்கள் கறுக்கும், துளையுள்ள ஃபிலிமில் துளைக்குத் துளை கோடு இழுக்கும்.

ரோடினால் என்ற டெவலப்பரை 1+100 (ஒரு பங்குக்கு நூறு பங்கு தண்ணீர்) கலந்து ஊற்றி ஒரு மணி நேரம் அசையாமல் வைக்கும் முறையை இந்த அளவு ஃபிலிமுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெளிச்சமான பகுதிகளுக்குக் கீழே, டெவலப் ஆகும்போது உண்டாகும் புரோமைடு வழிந்து வெளிறிய கோடு விடும். அதோடு, ஒரு மணி நேரம் சூட்டை யார் கட்டிப்பிடிப்பது?

என் தேர்வு ரீல்தான். மினாக்ஸ் அகலத்துக்கு ரீல் கிடைக்காதவர்கள் அந்த டேங்கையே ஐஸ் போட்ட பேசினில் நிறுத்தி 24 டிகிரியில் பிடித்து வைக்கட்டும். மீனுக்கு வாங்கும் ஐஸே பேசினுக்குப் போதும். மருந்துக்குள் போடக் கூடாது. டி-76 டெவலப்பரை அப்படியே ஊற்றாமல் 1+1 கலந்தால் நேரம் நீளும், திட்டும் குறையும். ஃபிக்ஸரும் (படத்தை நிலைநிறுத்தும் மருந்தும்) கழுவும் தண்ணீரும் அதே சூட்டில் இருக்கட்டும்.

நெகட்டிவில் வட்டவட்டமாகத் தெளிந்த புள்ளி இருந்தால் அது காற்றுக்குமிழி. மருந்து ஊற்றியதும் டேங்கை மேசையில் இரண்டு தட்டுத் தட்டுங்கள்.