துபாயா, சிங்கப்பூரா? சேலத்துப் பையனுக்கு எது பழகும்

அக்கா மகனுக்கு இரண்டு ஊரிலிருந்தும் வேலை வந்திருக்கிறது. "சித்தி, நீங்க ரெண்டு ஊர்லயும் இருந்தவங்க. எதுக்குப் போகட்டும்?" என்று அம்மாபேட்டை வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். துபாயில் 4 வருடம், சிங்கப்பூரில் 5 வருடம் குடித்தனம் நடத்தியவள் நான். சம்பளக் கணக்கை அவனே போட்டு வைத்திருந்தான். துபாயில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, சிங்கப்பூரில் உண்டு. சரி, அதை விட்டுவிட்டு, போய் இறங்கிய முதல் ஆறு மாதம் எப்படி நகரும் என்பதைச் சொன்னேன்.

சிங்கப்பூரின் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று. ரயில் நிலையத்தில் தமிழ் அறிவிப்பு கேட்கும். லிட்டில் இந்தியா பக்கம் இருக்கும் தேக்கா சந்தையில் முருங்கைக்கீரையைத் தமிழிலேயே விலை கேட்டு வாங்கலாம். தீபாவளிக்கு அரசு விடுமுறை. இதையெல்லாம் பார்த்து நம் ஊர் மாதிரிதான் என்று மனசு நம்பிவிடும். ஆனால் வேலையிடத்தில் பேச்சு ஆங்கிலம்தான், அதுவும் அவர்கள் ஊர் ஆங்கிலம். அது என் காதுக்குப் பழக மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் நான் பேசிய தமிழ் பெரும்பாலும் காய்கறிக் கடையில்தான்.

துபாயில் அந்த நம்பிக்கைக்கே இடமில்லை. கராமா பக்கம் கடைக்காரர் மலையாளம் பேசுவார், டாக்சிக்காரர் உருது பேசுவார். முதல் மாதம் திணறினேன். ஆனால் அங்கே பெரும்பாலானவர்கள் நம்மைப்போல வெளியூரிலிருந்து வந்தவர்கள். உடைந்த இந்தியில் பேசினால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எதிர் வீட்டு மலையாளி சேச்சி ஒரே வாரத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்.

அப்புறம் வீடு. என்னைக் கேட்டால் மனிதன் ஓர் ஊரில் ஒட்டுவதும் ஒட்டாததும் இதில்தான் இருக்கிறது. தனியாக துபாய்க்குப் போகும் பையன்கள் பலர் முதலில் பிடிப்பது 'பெட் ஸ்பேஸ்'. ஓர் அறையில் நாலைந்து கட்டில், அதில் ஒன்று நமக்கு. தூக்கம் கெடும், பெட்டியைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். ஆனால் காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தர ஆள் இருக்கும். தனி வீடு என்றால் வருட வாடகையைச் சில காசோலைகளாகப் பிரித்து முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். புதிதாகப் போனவனால் அது ஆகாது.

சிங்கப்பூரில் வீவக வீட்டில், அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி வீட்டில், ஓர் அறை கிடைக்கும். சுத்தம், அமைதி, மாத வாடகை. சிக்கல் அடுப்பில்தான். 'லைட் குக்கிங்' மட்டும் என்பார்கள். முட்டை அவிக்கலாம், நூடுல்ஸ் கிண்டலாம், தாளிக்கக் கூடாது. நாங்கள் முதலில் இருந்த வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைத்தேன். வாசனை திரைச்சீலையில் ஏறிவிட்டது என்று வீட்டுக்கார அம்மா அந்த மாதமே வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார். இன்றைக்கு நினைத்தாலும் மனசு வலிக்கிறது. அடுத்த அறைக்குப் போனபோது, வாடகையைக் கேட்பதற்கு முன்னாலேயே அடுப்பைப் பற்றித்தான் கேட்டேன்.

வெயில் நமக்குப் புதிதில்லை என்பார்கள். சேலத்தில் மே மாதம் தாங்கவில்லை என்றால் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறிவிடலாம். துபாயில் ஜூலையில் 45 டிகிரி. மொட்டைமாடித் தொட்டி வெயிலில் சூடேறி, குளிர்ந்த நீர்க் குழாயிலேயே வெந்நீர் வரும். மெட்ரோ நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலையம் வரை நடப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். கார் ஓட்டலாம் என்றால், நம் உரிமம் கையில் இருந்தாலும் அங்கே தேர்வு முடித்துத்தான் புதிதாக எடுக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் திர்ஹாம் போகும். சிங்கப்பூரில் வருடம் முழுக்க 31, 32 டிகிரிதான். திடீர் மழைக்கு ஒரு குடை போதும். பஸ், ரயில், நடை என்றே ஐந்து வருடம் ஓட்டினேன்.

வீட்டுக்குப் பேசுவதிலும் வித்தியாசம் உண்டு. நான் இருந்தபோது துபாயில் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பலாம், பேச முடியாது. அம்மாவின் போனில் வேறொரு செயலியை ஏற்றிக்கொடுத்தோம். சிங்கப்பூரில் அந்தத் தடை இல்லை, ஆனால் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும் ஊர். அம்மா இரவுச் சாப்பாடு முடித்துப் பேச உட்காரும்போது எனக்கு நள்ளிரவு நெருங்கிவிடும்.

மனைவி, குழந்தையோடு போகிறவன் என்றால் யோசிக்காமல் துபாய் என்றிருப்பேன். குடும்ப விசாவுக்குக் கேட்கும் சம்பளம் குறைவு, சிபிஎஸ்இ பள்ளிகளும் நிறைய. இவன் தனியாள். சாயந்திரமானால் கால் போன போக்கில் நடக்கிறவன், ஐந்து பேரோடு ஓர் அறையில் படுத்தால் வாடிவிடுவான். சிங்கப்பூருக்கே போ, சமைக்க விடும் வீடாகப் பிடி என்றேன்.

அக்காவுக்கு ஒரே கவலை, தட்டுவடைக்கு நடுவே காய்த்துருவலும் சட்னியும் வைத்துத் தரும் நம் சேலத்துத் தட்டுவடை செட்டுக்கு ஏங்கிப் போவானே என்று. தட்டுவடையை டப்பாவில் அடைத்துக் கொடுக்கலாம். கேரட், பீட்ரூட், வெங்காயம் தேக்காவில் கிடைக்கும். சட்னி இரண்டும் அவனே அரைக்க வேண்டும். நேற்றிலிருந்து அக்கா சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.