ஸ்கிரீன் உடைந்த லேப்டாப்பைக் கடையில் கொடுப்பதற்கு முன்: எனக்கு நடந்தது

லேப்டாப் ஸ்கிரீன் உடைந்து, மாற்றலாமா அல்லது புதுசே வாங்கிவிடலாமா என்று குழம்பிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். ஒரே கடையில் என்னை இரண்டு விதமாக ஏமாற்றப் பார்த்தார்கள். ஒன்றில் தப்பித்தேன், இன்னொன்றில் பணம் போய்விட்டது.

என்னுடையது 15.6 அங்குல லேப்டாப், டச் கிடையாது. பையில் இருந்தபோது மேலே கனமான பொருள் விழுந்து ஸ்கிரீனில் விரிசல். ஒரு மூலையில் மை கொட்டியது போலக் கருப்பு, மீதி இடமெல்லாம் செங்குத்துக் கோடுகள். ஆனால் மெஷின் வழக்கம்போல ஓடியது. எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்து, விண்டோஸ் பட்டனையும் பி பட்டனையும் சேர்த்து அழுத்தியதும் டிவியில் படம் சுத்தமாக வந்தது. சில நாள் அப்படியே வேலையும் செய்தேன்.

இந்தச் சோதனையை யாரும் விட்டுவிடாதீர்கள். வெளி மானிட்டரில் படம் சரியாக வந்தால் கிராஃபிக்ஸ் வேலை செய்கிறது என்று அர்த்தம். கோளாறு பெரும்பாலும் பேனலில் (படம் காட்டும் ஸ்கிரீன் பாகம்), இல்லையென்றால் பேனலுக்குப் போகும் கேபிளில். அங்கேயும் கோடு விழுந்தால் மதர்போர்டையே சந்தேகப்பட வேண்டும். ஸ்கிரீன் மொத்தமாக இருட்டாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கவனம். ஸ்கிரீனுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்டுக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி போர்டில்தான் இருக்கிறது, அதில் ஒரு ஃபியூஸ் போயிருந்தால் டிவி சோதனையில் தெரியாது. என் ஸ்கிரீனில் வெளிச்சம் எரிந்துகொண்டுதான் இருந்தது.

இதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனேன். உள்ளே எடுத்துப் போனவர் திரும்பி வந்து, "சார், பேனல் மட்டும் இல்ல, மதர்போர்டும் போயிருக்கு. இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறேன், புதுசு வாங்கிடுங்க" என்றார். எக்ஸ்சேஞ்சுக்கு அவர் சொன்ன தொகை பழைய இரும்புக்குக் கொடுப்பது மாதிரி இருந்தது. உங்கள் மானிட்டரில் போட்டுக் காட்டுங்கள் என்று கேட்டேன். வேண்டா வெறுப்பாக இணைத்தார். படம் வந்தது. உடனே, "அப்படின்னா பேனல் மட்டும் மாத்திடலாம் சார்" என்று எதுவுமே நடக்காத மாதிரி சொன்னார். அதுவரை போயிருந்த மதர்போர்டு அந்த நிமிடத்தில் சரியாகிவிட்டது! எனக்கு அவசர வேலை இருந்தது. அதே தரத்தில் ஒரிஜினல் பேனல்தான் போடுவோம் என்று உறுதி சொன்னதால் கொடுத்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்த லேப்டாப்பைக் கடை வெளிச்சத்தில் நேராகப் பார்த்தபோது வித்தியாசம் தெரியவில்லை. வீட்டில் வைத்து வேலை செய்தபோது எழுத்துகள் பெரிதாகவும் சொரசொரப்பாகவும் இருந்தன. மூடியைக் கொஞ்சம் சாய்த்தால் நிறம் மாறுகிறது, கீழிருந்து பார்த்தால் இருட்டான படம் நெகட்டிவ் மாதிரி தெரிகிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குள் போனேன். ரெசல்யூஷன், அதாவது ஸ்கிரீனின் குறுக்கிலும் நெடுக்கிலும் எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு, முன்பு 1920×1080 இருந்த இடத்தில் இப்போது 1366×768. பட்டியலில் 1920 என்ற எண்ணே இல்லை.

இதில் கோபம் வருவதற்குக் காரணம், ஏமாற்றுவது அவ்வளவு எளிது என்பதுதான். சாதாரண லேப்டாப்களில் 1366×768 பேனலுக்கும் 1920×1080 பேனலுக்கும் அதே 30 பின் கனெக்டர் இருப்பது சகஜம். அளவும் ஒத்துப்போனால் மலிவான டிஎன் பேனலை (சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும் வகை), ஐபிஎஸ் பேனல் (சாய்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை) இருந்த இடத்தில் மாட்டிவிடலாம், படமும் வந்துவிடும். செட்டிங்ஸைத் திறந்து பார்க்காதவர்கள், ஏதோ கண்தான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு வருடக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

திரும்பப் போய்க் கேட்டேன். முதலில் டிரைவர் பிரச்சினை என்றார்கள். டிரைவரை அங்கேயே என் கண் முன்னால் மாற்றிப் போடச் சொன்னேன், எதுவும் மாறவில்லை. அப்புறம், இந்த மாடலுக்கு இதுதான் வரும் என்றார்கள். அப்படியானால் என் பழைய பேனலைக் காட்டுங்கள் என்றேன். ஸ்கிராப்பில் போட்டாச்சாம். கடைசியில் மறுபடியும் அதே பேச்சு: மெஷின் பழசாகிவிட்டது, எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புதுசு எடுங்கள். அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. ரிப்பேரிலும் லாபம், புதுசு விற்பதிலும் லாபம் என்று இருக்கிறவரிடம் போய் எது நல்லது என்று கேட்டால், அன்றைக்கு அவருக்கு எது தோதோ அதுதான் பதிலாக வரும்.

வேறொரு டெக்னீஷியன் ஓரச் சட்டத்தைக் கழற்றி, பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைக் காட்டினார். எல்லா விவரமும் அந்த எண்ணிலேயே இருக்கிறது. உதாரணமாக எல்ஜி பேனல்களில் எல்பி156டபிள்யூஎச் (LP156WH) என்று தொடங்கினால் 1366×768, எல்பி156டபிள்யூஎஃப் (LP156WF) என்று தொடங்கினால் 1920×1080. 156 என்பது 15.6 அங்குலம். ஓர் எழுத்துதான் வித்தியாசம். லேப்டாப்பைத் திறக்காமலே எச்டபிள்யூஇன்ஃபோ (HWiNFO) போன்ற இலவச மென்பொருளில் மானிட்டர் பகுதியைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த எண் கிடைத்துவிடும். உடைந்த பேனலாக இருந்தாலும் அதன் எலக்ட்ரானிக்ஸ் உயிரோடு இருந்தால் போதும். கடைக்குக் கொண்டுபோகும் முன் அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூடவே டாஸ்க் மேனேஜரில் ரேம் எவ்வளவு, எஸ்எஸ்டி என்ன மாடல் என்பதையும் போட்டோ எடுத்துவிடுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் கொடுக்காதீர்கள். ஸ்கிரீன் எரிகிறதா, கோடு விழுகிறதா என்று பார்க்க லாகின் திரையே போதும்.

சரி, மாற்றுவதா, புதுசு வாங்குவதா? டச் இல்லாத சாதாரண ஸ்கிரீன், மற்ற எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் மாற்றுவதுதான் சரி என்பது என் கருத்து. டச் ஸ்கிரீன்களில் கண்ணாடியும் பேனலும் சேர்த்து ஒட்டப்பட்டிருப்பது வழக்கம்; மேக்புக்கில் பொதுவாக மூடி முழுவதையும்தான் மாற்றுகிறார்கள். இரண்டிலும் செலவு எகிறும். கேட்கிற தொகை, அதே மாதிரி லேப்டாப் செகண்ட் ஹேண்டில் போகிற விலையில் பாதியைத் தாண்டினால் நான் நிறுத்தி யோசிப்பேன். கீல் உடைந்திருந்தால் அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். இறுகிப்போன கீலோடு புது பேனல் மாட்டினால் அதுவும் சீக்கிரம் விரிசல் விடும்.

லேப்டாப்பின் வயதையும் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 (மெஷினுக்குள் இருக்கும் பாதுகாப்புச் சிப்) வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். அதற்கும் பழைய மெஷினுக்குப் பெரிய தொகை போட்டு ஸ்கிரீன் மாற்ற நான் சொல்ல மாட்டேன். அதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம். வீட்டிலேயே இருக்கிற லேப்டாப் என்றால் ஒரு மானிட்டரை இணைத்து, லினக்ஸ் போட்டு மேசையில் வைத்துக்கொள்ளலாம். எக்ஸ்சேஞ்ச் பேச்சு பேசுகிறவர்கள் இந்த வழியை வாயே திறந்து சொல்வதில்லை.

எனக்கு இரண்டாவது டெக்னீஷியன் சரியான பேனலைப் போட்டுக் கொடுத்தார். லேப்டாப் இப்போது நன்றாக இருக்கிறது. முதல் கடையில் கொடுத்த பணம் வரவில்லை. ஸ்டிக்கர் போட்டோ, செட்டிங்ஸ் போட்டோ எல்லாம் வைத்து எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன். அவர்களுடைய பதில் ஒன்றே ஒன்றுதான்: பில்லில் "டிஸ்ப்ளே மாற்றியது" என்று இருக்கிறது, டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்துவிட்டோம். அதனால் நீங்கள் கொடுக்கும்போது ஜாப் ஷீட்டில் (ரிப்பேருக்குக் கொடுக்கும்போது கடையில் எழுதித் தரும் சீட்டு) பேனல் எண், ரெசல்யூஷன், ஐபிஎஸ்ஸா டிஎன்னா, வாரன்டி எத்தனை மாதம், பழைய பேனல் திருப்பித் தரப்படும் என்பது வரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எழுத மாட்டேன் என்றால் லேப்டாப்பைக் கையோடு எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.