வெனிஸ் படகு பஸ்: முழங்கால் வலியுள்ள அம்மாவோடு 3 நாள்

காரைக்குடியில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "அந்த ஊர்ல கார், ஆட்டோ எதுவும் கிடையாதாமே, அம்மாவை எப்படிக் கூட்டிட்டுப் போவீக?" அம்மாவுக்கு வயது 72, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், பத்துப் படி ஏறினால் உட்கார்ந்துவிடுவார். வெனிஸோ நூற்றுக்கும் மேற்பட்ட குட்டித் தீவுகள், அவற்றைச் சேர்க்கச் சுமார் 400 பாலங்கள், பெரும்பாலான பாலங்களில் படிக்கட்டு. இருந்தும் 3 நாளும் அம்மா எங்களோடு ஊரைச் சுற்றினார். காரணம் வாப்பரெட்டோ என்று அவர்கள் சொல்லும் படகு பஸ்.

முதலில் காசு விஷயம். நாங்கள் போனபோது 75 நிமிட டிக்கெட் 9.50 யூரோ, 3 நாள் பாஸ் 45 யூரோ. நம் பணத்துக்கு ஒரு ஆளுக்கு நாலாயிரத்துக்கு மேல், வாங்கும்போது எனக்கும் கை நடுங்கியது. ஆனால் தினமும் ஐந்தாறு தடவை ஏறி இறங்கினோம், தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால் கட்டுப்படியே ஆகியிருக்காது. 6 வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு டிக்கெட் இல்லை, மகளுக்கு 5தான், அதனால் மூன்று பாஸோடு முடிந்தது. பாஸ் கணக்கு முதல் தடவை மெஷினில் காட்டியதிலிருந்து 72 மணி நேரம், எனவே வந்து இறங்கிய இரவே அவசரப்பட்டுத் தொடங்காதீர்கள். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் துறையில் இருக்கும் மெஷினில் காட்ட வேண்டும், மறந்தால் அபராதம்.

வயதானவர்களுக்கு இது ஏன் நல்லது என்றால், படகுத்துறையே தண்ணீரில் மிதக்கிறது. தண்ணீர் ஏறினால் துறையும் ஏறும், இறங்கினால் இறங்கும், அதனால் படகும் துறையும் ஏறக்குறைய ஒரே மட்டம். காலைத் தூக்கி வைக்க வேண்டியதில்லை. ஊழியர் கயிற்றைச் சுற்றிக் கட்டி, கம்பிக் கதவைத் திறந்த பிறகுதான் யாரும் நகர்கிறார்கள். அம்மா முதல் தடவை மட்டும் என் கையைப் பிடித்தார், அப்புறம் பேத்தி கையை அவர் பிடித்துக்கொண்டு ஏறினார்.

1ஆம் நம்பர் படகு, ஊரின் நடுவே ஓடும் பெரிய நீர்வழியான கிராண்ட் கால்வாய் முழுக்க நின்று நின்று போகும். ரயில் நிலையத்துறையில் ஏறினால் உட்கார இடம் கிடைப்பது கஷ்டம், ஒரு துறை முன்னால் பியாட்சாலே ரோமாவில் போய் ஏறுங்கள், அங்கேதான் தொடங்குகிறது. ஊரின் முக்கியச் சதுக்கமான சான் மார்கோவுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், ஆகட்டும். இரண்டு பக்கமும் வியாபாரிகள் கட்டிய மாளிகைகள், முகப்பு வாசல் நேராகத் தண்ணீரில் திறக்கிறது, சரக்கு படகிலேயே வந்து வீட்டுக்குள் இறங்குமாம். அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். "நம்ம வீடு மாதிரி இதுவும் கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிச்சுக் கட்டுனதுதான்" என்றார். எனக்கு அதற்கு மேல் ஒரு கைடு தேவைப்படவில்லை.

அவரை அதைவிட அதிகமாகப் பிடித்து நிறுத்தியது கிணறு. ஊருக்குள் சின்னச் சின்னச் சதுக்கங்கள் பலவற்றில் நடுவில் செதுக்கிய கல் கிணறு இருக்கிறது, இப்போது மூடி போட்டிருக்கிறார்கள். சுற்றிலும் உப்புத் தண்ணீர், தோண்டினால் நல்ல தண்ணீர் வராது. அதனால் சதுக்கத்தில் விழும் மழையைத் தளத்தில் உள்ள துவாரங்கள் வழியாக இறக்கி, கீழே களிமண் பூசிய குழியில் மணல் நிரப்பி வடிகட்டி, நடுவில் இருக்கும் கிணற்றில் ஊற வைத்திருக்கிறார்கள். நம் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், ஓட்டுத் தண்ணீரை அண்டாவில் பிடிப்பதையும், தெருத் தண்ணீர் ஊருணிக்குப் போவதையும் பார்த்து வளர்ந்தவருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. "இவுகளும் மழையைத்தான் நம்பி இருந்திருக்காக" என்று கிணற்று விளிம்பைத் தடவிக்கொண்டே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

முரானோ தீவுக்கும் இதே பாஸ் செல்லும். தீப்பிடிக்கும் பயத்தில் 1291இல் கண்ணாடி உலைகளையெல்லாம் அங்கே மாற்றினார்களாம். ஊதும் வேலையைப் பாருங்கள், கடையில் விலை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கொண்டோலா என்ற நீளமான துடுப்புப் படகுக்குப் பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ. நாங்கள் ஏறவில்லை. அதற்குப் பதில் துடுப்புப் போட்டு கிராண்ட் கால்வாயைக் குறுக்கே கடக்கும் டிராகெட்டோவில் ஆளுக்கு 2 யூரோ கொடுத்துப் போனோம், மகளுக்குத் துடுப்புப் படகு ஆசை தீர்ந்தது.

மனது நொந்தது தங்கின இடத்தில்தான். லிஃப்ட் உண்டு என்று எழுதியிருந்தார்கள், போனால் லிஃப்ட் அடுத்த கட்டடத்தில், எங்களுக்கு இரண்டு மாடிப் படி. போதாததற்குப் படகுத்துறைக்கும் வாசலுக்கும் நடுவே இரண்டு பாலம். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் ராத்திரி தைலம் தேய்க்கும்போது முழங்கால் வீங்கியிருந்தது. ரூம் பதிவு செய்வதற்கு முன்னால் துறையிலிருந்து எத்தனை பாலம் என்று தயவுசெய்து எழுதிக் கேளுங்கள். ஒரு பாலமும் இல்லாத இடம் கிடைத்தால் இன்னும் 20 யூரோ கூடக் கொடுத்தாலும் அதையே எடுங்கள்.

கடைசி ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அம்மாவே கேட்டார், "இன்னும் ஒரு தடவை அந்த ஒண்ணாம் நம்பர்ல போவோமா?" கூட்டமே இல்லை. மாளிகைகளில் விளக்கு எரிய, ஜன்னல் வழியாக உள்ளே கூரையின் மர உத்தரங்கள் தெரிந்தன. அம்மா ஒவ்வொன்றாகப் பேத்திக்குக் காட்டிக்கொண்டே வந்தார். பாஸ் முடிய இன்னும் 40 நிமிடம் இருந்தது, நாங்கள் இறங்கினோம்.