வண்ணம் பூசிய பீடிங்கை மர ரயில் பெட்டியில் ஒட்ட எந்தப் பசை?

மரத்தில் செய்த மாடல் ரயில் பெட்டிக்கு பீடிங் (பக்கச்சுவரில் ஓடும் மெல்லிய அலங்காரப் பட்டை), ஜன்னல் சட்டம், கூரை விளிம்புப் பட்டை எல்லாவற்றையும் தனியாக வண்ணம் பூசிக் காயவைத்து, அப்புறம் ஒட்டுவதுதான் சுத்தமான வழி. முதலில் ஒட்டிவிட்டுப் பூசினால், ஒரு மில்லிமீட்டர் அகலப் பட்டையின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் போட்டாக வேண்டும். எவ்வளவு கவனமாகப் போட்டாலும் டேப்புக்கு அடியில் பெயின்ட் கசிந்து கோடு பிசிறடிக்கும். தனியாகப் பூசினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எந்தப் பசையால் ஒட்டுவது என்ற கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

மரத்தையும் மரத்தையும் ஒட்டுகிறோம் என்று நினைத்துப் பசை வாங்குகிறோம். உண்மையில் இங்கே பசை தொடுவது பெட்டிமேல் இருக்கும் பெயின்டையும் பட்டையின் பின்னால் இருக்கும் பெயின்டையும்தான். பெயின்ட் மரத்தை எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் இணைப்பின் பலம். உலகத்திலேயே பலமான பசையை வைத்தாலும், அடியில் பெயின்ட் உரிந்தால் பட்டையும் கூடவே வரும். அதனால் பசையைப் பற்றி யோசிக்கும் முன், அதே மரத்துண்டில் அதே பெயின்டைப் பூசி, நன்றாகக் காய்ந்ததும் டேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள். பெயின்ட் டேப்போடு வந்தால் பசையை மாற்றிப் பயனில்லை. அடிப்பூச்சைத்தான் மாற்ற வேண்டும்.

பீடிங் துண்டு ஒன்றின் எடை ஒரு கிராம்கூட இருக்காது. அதைத் தாங்க எந்தப் பசைக்கும் பலம் உண்டு. எனவே பலத்தை வைத்துப் பசைகளை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. பட்டையை நேராக்க எவ்வளவு நேரம் கொடுக்கிறது, வெளியே பிதுங்கினால் துடைக்க முடிகிறதா, பெயின்டைக் கெடுக்கிறதா, காய்ந்தபின் கொஞ்சமாவது வளைந்து கொடுக்கிறதா என்ற நான்கையும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் எல்லோர் கையிலும் இருக்கும் வெள்ளைப் பசை, அதாவது பி.வி.ஏ. வெறும் மரத்துக்கு இதைவிட நல்லது கிடையாது. நீர் மரத்துக்குள் இறங்கி, பசை நார்களைப் பிடித்துக்கொண்டு இறுகுகிறது. இரண்டு பக்கமும் பெயின்ட் இருந்தால் நீர் போக வழியில்லை, ஓரமாகத்தான் மெல்ல வெளியேற வேண்டும். காய நேரமாகும், பிடிப்பும் குறையும். பட்டையின் பின்புறத்தைப் பூசாமல் விட்டால் தீர்ந்ததே என்று தோன்றும். ஆனால் மெல்லிய மரப்பட்டையில் ஒரு பக்கம் மட்டும் பூச்சு இருந்தால் அது வளைந்துகொள்ளும். நீர் கலந்த பசை பட்டதும் இன்னும் வளையும். பின்புறத்தில் மெல்லியதாக ஒரு கை ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) தடவினால் வளைவு கட்டுப்படும், ஆனால் பி.வி.ஏ.வின் பிடிப்பு அந்த அளவுக்குக் குறையும். மஞ்சள் நிற மரவேலைப் பசை சீக்கிரம் பிடிக்கும், காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்க்கலாம். பெயின்ட் மேல் அதற்கும் இதே குறைதான். பெட்டியின் சட்டகத்தைக் கட்ட இரண்டும் சரி. பூசிய பட்டைக்கு என் ஓட்டு இவற்றுக்கு இல்லை.

அடுத்தது சூப்பர் க்ளூ. 1942-இல் அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கூவர் வேலை பார்த்த குழு துப்பாக்கிக் குறிநோக்கிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது இந்த ரசாயனம் தட்டுப்பட்டது. தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று அப்போது ஒதுக்கிவைத்தார்கள். 1958-இல்தான் பசையாகக் கடைக்கு வந்தது. அன்று அதை ஒதுக்கவைத்த குணம்தான் நம் வேலையிலும் இடைஞ்சல். பொருளின் மேல் படிந்திருக்கும் ஈரத்தால் நொடிகளில் இறுகிவிடுகிறது. முப்பது சென்டிமீட்டர் பட்டையை ஜன்னல் வரிசைக்கு இணையாக நகர்த்திச் சரிசெய்ய அது இடம் தராது. நீர்த்த வகையாக இருந்தால் இடுக்கில் ஓடி மேட் பூச்சில் பளபளக்கும் கறையை விடும், அந்தக் கறை துடைத்தால் போகாது. அதன் ஆவி பக்கத்துப் பெயின்டில் வெள்ளைப் பொடியாகப் படியும், அடர் நிறங்களில் இது அசிங்கமாகத் தெரியும். காற்றோட்டம் வைத்தால் குறையும், வாசனை குறைந்த வகையில் இன்னும் குறையும். பிரிக்க அசிட்டோன் எடுத்தால் பெயின்டும் சேர்ந்து கரையும். ஆனால் பித்தளைக் கைப்பிடிக் கம்பியைத் துளைக்குள் நிறுத்த இதற்கு நிகர் இல்லை. ஜெல் வகையை ஊசி முனையில் தொட்டு, பெட்டியின் உட்பக்கத்திலிருந்து வைத்தால் வெளியே எதுவும் தெரியாது.

இங்கே வளைந்து கொடுக்கும் குணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பலரும் கவனிக்காத இடம் இது. ஓ (O) அளவில், அதாவது நிஜப் பெட்டியின் ஒரு அடிக்கு மாடலில் ஏழு மில்லிமீட்டர் கணக்கில், 57 அடிப் பெட்டி ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் வரும். அறையின் வெப்பம் 20 டிகிரி செல்சியஸ் மாறினால் அந்த நீளத்தில் ஸ்டைரீன் பிளாஸ்டிக் பட்டை சுமார் அரை மில்லிமீட்டர் நீளும். பித்தளை 0.15 மில்லிமீட்டர் நீளும். மரம் நார் போகும் திசையில் வெப்பத்துக்கு ஏறக்குறைய அசையவே அசையாது. அது விரிவதும் சுருங்குவதும் ஈரப்பதத்தால்தான், அதுவும் நாருக்குக் குறுக்கே. ஆக, பக்கச்சுவர் ஒரு திசையில் அசைகிறது, அதன்மேல் இருக்கும் பட்டை இன்னொரு திசையில் அசைகிறது. நடுவில் கண்ணாடி மாதிரி இறுகிய சூப்பர் க்ளூ இருந்தால், நீளமான பிளாஸ்டிக் பட்டை கோடையில் அலையலையாக எழும்பும், அல்லது ஒரு முனையில் விடுபடும். பசை கெட்டுப்போனது என்று நினைப்போம். உண்மையில் அது நகரவே மறுத்ததுதான் காரணம்.

அந்தக் கணக்கில் காண்டாக்ட் சிமென்ட் என்ற பசை நல்ல மதிப்பெண் வாங்கும், காய்ந்தபின்னும் ரப்பர் போல இருக்கும். ஆனால் இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு உலரவிட்டுச் சேர்க்க வேண்டும். சேர்த்த கணமே பிடித்துவிடும், நகர்த்த முடியாது. நூல் நூலாக இழுபடும். அதிலுள்ள கரைப்பான் முழுதாக இறுகாத எனாமலைச் சுருக்கிவிடும், ஸ்டைரீன் பட்டையையும் மெல்ல உருக்கும். உட்பக்கத் தரை விரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். வெளிப்பக்கப் பீடிங்குக்கு வேண்டாம்.

எபாக்ஸி வேறு ரகம். இரண்டு குழாயைச் சமமாகக் கலந்து, இடைவெளியை நிரப்பி, அதிகம் சுருங்காமல் இறுகும். கனமான உலோக வார்ப்புகள், அடிச்சட்டத்தில் தொங்கும் பாட்டரிப் பெட்டி போன்றவற்றுக்கு அதுதான். மெல்லிய பட்டைக்குத் தடவினால் தடிமனாகப் பிதுங்கும். ஐந்து நிமிட வகை நாளடைவில் மஞ்சளாகும், வெளிர் நிறப் பெட்டியின் ஓரத்தில் அது கண்ணை உறுத்தும்.

பின்புறத்தில் ஒட்டும் படலத்தோடு வரும் லேசர் வெட்டுப் பட்டைகளை நம்பலாமா? சமதளத்தில் நம்பலாம். வெறும் மரத்தூசு படிந்த பரப்பில் நம்பக் கூடாது. பூசித் துடைத்த பரப்பில் அழுத்தி ஒட்டினால் நிற்கும். வளைவான இடங்களிலும் முனைகளிலும் ஒரு சொட்டுப் பசையால் உதவி செய்வது நல்லது.

பூசிய பட்டைக்கு நான் தேர்ந்தெடுப்பது கேனபி க்ளூ. மாடல் விமானங்களின் கண்ணாடி மூடியை, பூசிய உடலோடு ஒட்டுவதற்கென்றே வந்த பசை இது. பெயின்டையும் பிளாஸ்டிக்கையும் பிடிக்கும், மரத்தையும் பிடிக்கும். வெள்ளையாக இருந்து தெளிவாகக் காயும். சில நிமிடங்கள் நகர்த்தலாம், அப்புறம் தானாகவே பிசுபிசுப்பாகிப் பட்டையை நிறுத்தும். பிதுங்கினால் ஈரத் தூரிகையால் உடனே துடைக்கலாம், காய்ந்தபின்னும் நெகிழ்வு இருக்கும். இதுவும் நீரில் ஆன பசைதான், அதனால் இரண்டு பூச்சுக்கு நடுவில் உடனே இறுகாது. முழுப் பிடிப்புக்கு ஒரு நாள் கொடுக்க வேண்டும். விளிம்பு மட்டும் பிடித்து நிற்கும் கனமான துண்டுகளுக்கு இது போதாது. மற்றபடி, மேலே சொன்ன நான்கு கேள்விக்கும் சரியான பதில் தரும் பசை இது ஒன்றுதான்.

தடவும் முறையும் முக்கியம். பாட்டிலிலிருந்து நேராகப் பட்டையில் பிழியாதீர்கள். ஒரு ஓட்டுத் துண்டில் கொஞ்சம் விட்டு, ஊசியால் தொட்டு, பட்டையின் பின்புறம் நடுவில் மெல்லிய கோடாக வையுங்கள். ஓரம் வரை வேண்டாம், அழுத்தும்போது அது தானாகவே பரவும். பட்டையின் நடுப்பகுதியை முதலில் படியவைத்து, முனைகளை நோக்கிப் போங்கள். லேசரில் வெட்டிய மரமாக இருந்தால் கருகிய விளிம்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள், கரியின் மேல் எந்தப் பசையும் சரியாகப் பிடிக்காது. கனமான வார்ப்பு உட்காரும் இடத்தில் மட்டும், வெளியே தெரியாத பகுதியில் பெயின்டைச் சுரண்டி மரத்தைக் காட்டிவிட்டால் எபாக்ஸி உண்மையான பிடிப்பைப் பெறும்.

பொறிக்கப்பட்ட பெயர்த்தகடு, எண் தகடு போன்ற மிக மெல்லிய துண்டுகளுக்குப் பசையே வேண்டாம். தகட்டின் பின்னால் ஒரு சொட்டுப் பளபளப்பு வார்னிஷ் போதும். தகடு உட்காரும்வரை நகர்த்திக்கொள்ளலாம், ஓரத்தில் பளபளப்பு தெரிந்தால் கடைசியில் அடிக்கும் மேட் வார்னிஷ் அதை மறைத்துவிடும். அந்தக் கடைசிப் பூச்சை, கேனபி க்ளூ வெள்ளை நிறம் துளியும் இல்லாமல் தெளிந்த பிறகு மட்டும் அடியுங்கள். ஓரத்தில் வெண்மை தெரிந்தால் உள்ளே நீர் இன்னும் இருக்கிறது, இன்னொரு நாள் விட்டுவையுங்கள்.