தொடாமல் பதியும் அட்டை: ஏழு பருவங்களின் அனுபவம்

சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகருக்கு அருகே உள்ள ஒரு சிறிய கழகத்தில், திசையறி ஓட்டப் போட்டிகளுக்கு நேரம் பதியும் பொறுப்பை ஏழு பருவங்களாக நான் கவனித்து வருகிறேன். அந்த ஏழு பருவங்களிலும் என் வயதுப் பிரிவில் ஓடியும் வருகிறேன். ஓட்டக்காரர் ஒரு புள்ளியைக் கடந்ததை அவர் கையிலுள்ள மின்னணு அட்டை எதையும் தொடாமலே பதியும் முறைக்கு எங்கள் கழகம் மாறியபோது, நேரம் பதியும் மேசைக்கு இரு பக்கமும் நின்றவன் என்பதால், ஓடுகிறவனாக எனக்குக் கிடைத்த சுகத்தையும், மேசைக்குப் பின்னால் நான் பட்ட பாட்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். இங்கே எல்லோரும் இதை, ஜெர்மன் பெயரைச் சுருக்கி, ‘ஓ.எல்.’ என்றே அழைப்பார்கள். வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கும். காட்டுக்குள் ஆரஞ்சும் வெள்ளையுமான கொடிகள் தொங்கும். வரைபடத்தில் குறித்த வரிசைப்படி ஒவ்வொரு கொடியையும் தேடிப் போக வேண்டும். எந்த வழியாகப் போவது என்பது அவரவர் விருப்பம். ஒரு புள்ளியைத் தவறவிட்டாலும் முடிவுப் பட்டியலில் பெயர் வராது. ஆகவே, ‘நான் அங்கே போனேன்’ என்பதற்கான சான்று, இந்த விளையாட்டில் வேகத்துக்கு நிகரான முக்கியத்துவம் உடையது. 1897-இல் ஒஸ்லோவுக்கு அருகே முதல் பொதுப் போட்டி நடந்த காலத்திலிருந்தே இந்தக் கேள்வி இருந்து வருகிறது. பல பத்தாண்டுகளாக, ஒவ்வொரு புள்ளியிலும் வெவ்வேறு ஊசி அமைப்புக் கொண்ட துளைப்பான் ஒன்றைக் கட்டி வைத்து, அதனால் காகித அட்டையில் குத்துவதே சான்றாக இருந்தது. 1990-களில் நோர்வேயின் எமிட், ஜெர்மனியின் ஸ்போர்ட்ஐடென்ட் ஆகிய இரண்டும் மின்னணு முறைகளைக் கொண்டு வந்தன. எங்கள் கழகத்திடம் இருப்பது இரண்டாவது.

அதன் பழைய வடிவத்தில், விரலில் மாட்டிய சிறிய அட்டையின் நுனியை, கொடிக்குக் கீழே இருக்கும் பெட்டியின் துளைக்குள் நுழைக்க வேண்டும். பெட்டி ஒலி எழுப்பியதும் கையை எடுத்துக்கொண்டு ஓடலாம். 2010-களின் நடுப்பகுதியில் வந்த ‘ஏயர் பிளஸ்’ முறையில், ‘சியாக்’ என்று எல்லோரும் அழைக்கும் அட்டைக்குள்ளேயே பற்றரி இருக்கிறது. பெட்டி தன்னைச் சுற்றி ஒரு சைகையை வீசிக்கொண்டே இருக்கும். அரை மீற்றர் அளவுக்குள் கை வந்ததும், அட்டை அந்தப் பெட்டியின் எண்ணையும் நேரத்தையும் தன்னிடமே குறித்துக்கொண்டு, ஒளிர்ந்து ஒலிக்கும். எங்களிடம் ஏற்கனவே இருந்த பீ.எஸ்.எஃப். 8 வகைப் பெட்டிகளின் மென்பொருளைப் புதுப்பித்தாலே போதும் என்பதுதான், பணம் அதிகம் இல்லாத எங்கள் கழகம் மாறுவதற்குத் துணிந்த முதற்காரணம்.

ஓடுகிறவனுக்கு இதில் கிடைக்கும் லாபத்தைச் சிலர் பெரிதாகச் சொல்வார்கள். துளையைத் தேடி, குனிந்து, நிறுத்தி, மறுபடி வேகம் எடுப்பதில் என்னைப் போன்ற ஐம்பது வயதுக்காரருக்கு ஒரு புள்ளிக்கு ஒன்றிரண்டு வினாடிகள் போய்விடும். இருபது புள்ளிகளுக்கு அரை நிமிடத்துக்குக் கிட்டவாக வருகிறது. ஒன்றரை மணி நேர நீள் ஓட்டத்தில் அது பொருட்டே அல்ல. வெற்றியாளர் 12 முதல் 15 நிமிடங்களில் முடித்துவிடும் நகர விரைவோட்டத்திலோ அது பல இடங்களை மாற்றிவிடும். குழு ஓட்டத்தில் எல்லோரும் ஒன்றாகப் புறப்பட்டு முதற் புள்ளியில் மோதிக்கொள்ளும் நெரிசல் இல்லாமற் போனதையே நான் இதைவிடப் பெரிய மாற்றமாகக் கருதுகிறேன். முன்பு அங்கே ஐந்தாறு பெட்டிகளை வரிசையாக வைத்தும், முழங்கைகள் இடிபடாமல் ஒரு போட்டி முடிந்ததில்லை. மலைச் சைக்கிளிலும் பனிச்சறுக்கிலும் இதே ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்குக் கிடைத்த விடுதலையைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் நிற்காமல் ஓடுவதில் ஒரு விலை உண்டு என்பதை இரண்டாம் பருவத்தில்தான் உணர்ந்தேன். முன்பு அட்டையை நுழைக்கும்போது பெட்டியின் மேல் எழுதிய எண் தானாகவே கண்ணில் படும். இந்த எண்கள் 31-இலிருந்து தொடங்கும். ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும் சொல்லும் விவரக் குறிப்பில் உள்ள எண்ணுடன் அதை ஒப்பிட்டுப் பார்ப்பது கை செய்யும் வேலையுடன் ஒட்டிய பழக்கமாக இருந்தது. இப்போது கையை வீசிக்கொண்டு கடக்கிறோம், அட்டை ஒலிக்கிறது, மனம் நிறைந்துவிடுகிறது. அந்த ஒலிக்குப் பொருள் ‘பதிந்தது’ என்பது மட்டுமே. ‘சரியான புள்ளி’ என்பதல்ல. அடுத்தடுத்த இரு பள்ளங்களில் இருந்த 52-ஐயும் 53-ஐயும் மாற்றிக் குறித்துவிட்டு, முடிவுக் கோடு வரை மகிழ்ச்சியாக ஓடி வந்தவர்களில் நானும் ஒருவன். மேசையில் என் அட்டையை நானே வாசித்து, என் பெயரை நானே பட்டியலிலிருந்து நீக்கிக்கொண்டேன்.

இனி மேசைக்குப் பின்னால் வருகிறேன். பழைய முறையில், உறங்கிக்கொண்டிருக்கும் பெட்டியை முதலில் வருகிறவரின் அட்டையே எழுப்பிவிடும். ஏற்பாட்டாளருக்கு அதைப் பற்றிய கவலை இல்லை. புதிய முறையில் உறங்கும் பெட்டி எந்தச் சைகையையும் வீசாது. ஆகவே முதல் ஓட்டக்காரர் புறப்படுவதற்கு முன்பே, யாராவது ஒருவர் காடு முழுவதும் சுற்றி வந்து, ஒவ்வொரு பெட்டியின் துளையிலும் ஓர் அட்டையை நுழைத்து எழுப்பியாக வேண்டும். எத்தனை மணி நேரம் விழித்திருக்க வேண்டும் என்பதையும் முன்கூட்டியே அமைக்க வேண்டும்.

முதற் பருவத்தின் வசந்தகாலப் போட்டியொன்றில் அந்தச் சுற்று என் பொறுப்பில் இருந்தது. அதிகாலை மழையில் ஒரு பிளவுப் பாறையின் பின்புறம் இருந்த 47-ஆம் பெட்டியை நான் எழுப்பாமல் விட்டுவிட்டேன். முதலில் அங்கே வந்தவர் ஓர் அனுபவசாலி; ஒலி கேட்காததைக் கவனிக்காமல், கையை நீட்டியபடி கடந்து போய்விட்டார். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தி வந்தாள். அவள் கையை இரண்டு முறை ஆட்டிப் பார்த்து, அட்டை ஒளிராததைக் கண்டு, கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி, பழைய பழக்கப்படி அட்டையைத் துளைக்குள் நுழைத்தாள். பெட்டி விழித்துக்கொண்டது, அவளுக்குப் பின்னால் வந்த அத்தனை பேருக்கும் எந்தச் சிக்கலும் இருக்கவில்லை. அட்டை பேசாவிட்டால் துளையைப் பயன்படுத்த வேண்டும், அதுவும் பேசாவிட்டால் ஊசித் துளைப்பானால் வரைபடத்தில் குத்த வேண்டும் என்பது விதி. பதிவை உறுதி செய்வது ஓட்டக்காரரின் கடமை என்பதால், அந்த அனுபவசாலியின் பெயர் பட்டியலில் இடம்பெறவில்லை. விதி என் பக்கம் இருந்தும் அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாகவே இருந்தது. அன்றிலிருந்து எழுப்பும் சுற்றுக்கு இரண்டு பேர் போகிறோம். ஒருவர் எழுப்புவார், பத்து நிமிடம் கழித்து மற்றவர் சியாக் அட்டையுடன் ஓடிச் சோதிப்பார்.

இதைவிட ஆழமான மாற்றம் ஒன்று இருக்கிறது. மாறுவதற்கு முன்பு அதைப் பற்றி யாரும் எங்களுடன் பேசவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் மனக்குறைதான். துளையில் நுழைத்துப் பதிந்தால், அட்டையிலும் பெட்டியிலும் என இரண்டு இடங்களில் அந்தப் பதிவு இருக்கும். தொடாமல் பதிந்தால், அட்டையில் மட்டுமே இருக்கும். யார் கடந்தார்கள் என்பது பெட்டிக்குத் தெரியாது. இதன் பொருளை ஒக்டோபர் மாதத்து மாலையொன்றில்தான் முழுவதும் புரிந்துகொண்டேன். எல்லா அட்டைகளையும் வாசித்து முடித்த பிறகு ஒருவர் மட்டும் காட்டிலிருந்து திரும்பியிருக்கவில்லை, இருட்டத் தொடங்கியிருந்தது. முன்பு என்றால், பெட்டிகளைச் சேகரித்துவந்து அவற்றின் நினைவகத்தை வாசித்து, அவர் கடைசியாக எந்தப் புள்ளியில் இருந்தார் என்று கண்டுபிடித்துத் தேடலைக் குறுக்கியிருப்போம். அன்று வாசிக்க எதுவுமே இல்லை. தலையில் கட்டிய விளக்குகளுடன் எட்டுப் பேர் புறப்பட்ட பிறகு, அவருடைய வீட்டுத் தொலைபேசி பதில் சொன்னது. கணுக்கால் பிசகி, பாதியில் ஓட்டத்தை நிறுத்தி, மேசைக்கு வராமலேயே காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், மனிதர் சூப் குடித்துக்கொண்டிருந்தார்.

அந்த மாலைக்குப் பிறகு இரண்டு முடிவுகள் எடுத்தோம். எங்கள் கழகம் நடத்தும் போட்டிகளில் முடிவுக் கோட்டில் மட்டும் அட்டையைத் துளையில் நுழைத்தே ஆக வேண்டும். அது அட்டையின் தொடாமல் பதியும் நிலையையும் நிறுத்திவிடும் என்பதால், பற்றரி வீணாவதும் குறைகிறது. இரண்டாவதாக, பாதையின் நடுவே ஒரு புள்ளியில் குறுந்தூர வானொலி வாங்கி ஒன்றை வைக்கிறோம். சியாக் அட்டை தன் பதிவை வானொலி வழியாக அனுப்பக்கூடியது என்பதால், யார் அதைக் கடந்தார்கள் என்பது மேசைக்கு உடனே தெரிந்துவிடும்.

பாதை வகுப்பவருக்கும் வேலை கூடியிருக்கிறது. நகர விரைவோட்டத்தில் கடக்கக் கூடாத மதிலுக்கோ வேலிக்கோ ஒட்டி ஒரு கொடியை வைத்தால், தவறான பக்கத்தில் நிற்கிறவர் சுற்றி வராமல், கையை நீட்டியே பதிந்துகொள்ளலாம். தொடும் முறையில் வராத இந்தச் சிக்கலுக்காக, எங்கள் வகுப்பாளர் ஒவ்வொரு கொடிக்கும் மதிலின் மறுபக்கம் போய் அட்டையை நீட்டிப் பார்க்கிறார். வழியில் தற்செயலாக வேறொரு புள்ளி பதிந்துவிட்டால் கெடுதல் இல்லை. தேவையான வரிசை அட்டையில் இருந்தால் மென்பொருள் உபரியைப் பொருட்படுத்துவதில்லை.

விலை விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். சியாக் அட்டை சாதாரண ஆரம்பநிலை அட்டையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விலை. அதன் பற்றரி சில ஆண்டுகளே உழைக்கும். நாமே கழற்றி மாற்றவும் முடியாது. நாங்கள் வாடகைக்குக் கொடுக்கும் அட்டைகளின் பற்றரித் திகதிகளை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். புறப்படும் இடத்தில் பற்றரியைச் சோதிக்கும் பெட்டியையும் வைக்கிறோம். அதற்கு அருகிலேயே, அட்டையின் பழைய பதிவுகளை நீக்கும் ‘அழிப்பு’, அடுத்து ‘சோதிப்பு’ ஆகிய இரு பெட்டிகளும் இருக்கும். சோதிப்புப் பெட்டிதான் அட்டையைத் தொடாமல் பதியும் நிலைக்கு எழுப்புகிறது என்பதால், பேச்சு சுவாரசியத்தில் அதைத் தவிர்த்துவிட்டுப் புறப்படுகிறவர் பாதை முழுவதும் துளையைத் தேடியபடியே ஓட வேண்டியிருக்கும். புறப்படும் கோட்டில் நிற்கும் தொண்டர் ஒவ்வொருவரின் கையையும் அங்குள்ள இன்னொரு சோதனைப் பெட்டிக்கு மேல் ஒருமுறை நீட்டச் சொல்லி, அட்டை ஒலிக்கிறதா என்று கேட்ட பிறகே வழிவிடுகிறார்.

பழைய முறைக்குத் திரும்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் புதன்கிழமைப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் இன்றும் சாதாரண அட்டையைத்தான் கொடுக்கிறோம். கொடிக்கு முன்னால் ஒரு கணம் நின்று, எண்ணைப் பார்த்து, வரைபடத்தைத் திருப்பிப் பிடித்து, அடுத்த வழியைத் தீர்மானித்த பிறகு புறப்படும் பழக்கம் அவர்களுக்கு முதலில் வரட்டும் என்பது எங்கள் பயிற்றுநரின் பிடிவாதம். நானும் அவர் பக்கமே. அடுத்த பருவத்துக்காக மேலும் இருபது சியாக் அட்டைகளை வாங்கக் கழகக் கூட்டம் ஒப்புதல் தந்திருக்கிறது. அவற்றின் பற்றரித் திகதிகளுக்காகக் குறிப்பேட்டில் ஒரு புதிய பக்கத்தைக் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.