என்.எஸ்.ஸா, ஆர்.எல்.லா?

திருநெல்வேலிப் பக்கம் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கையில் ஏறுவதெல்லாம் மக்கள் வாயில் 'குளுக்கோஸ் பாட்டில்'தான். ஆனால் பிரஷர் இறங்கி ஐ.சி.யூ.வில் கிடப்பவருக்கு நிஜமான குளுக்கோஸ் பாட்டில் உதவாது. அந்த பாட்டிலில், அதாவது 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில், உள்ள சர்க்கரையை உடல் எரித்ததும் மிஞ்சுவது வெறும் தண்ணீர். ஒரு லிட்டர் ஏற்றினால் ரத்தக் குழாய்க்குள் நிற்பது 100 மில்லிகூட இல்லை.

உண்மையான போட்டி நார்மல் சலைன் (என்.எஸ்.) என்ற உப்புக் கரைசலுக்கும், ரிங்கர் லாக்டேட்டுக்கும் (ஆர்.எல்.) இடையில்தான். சலைனில் லிட்டருக்கு 154 மில்லிமோல் குளோரைடு. நம் ரத்தத்தில் ஏறக்குறைய 100. பெயரில்தான் 'நார்மல்'! லிட்டர் கணக்கில் ஏற்றும்போது ரத்தம் அமிலப் பக்கம் சாய்கிறது, சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. ஆர்.எல்.லில் குளோரைடு 109தான். அதிலுள்ள லாக்டேட்டைக் கல்லீரல், அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்ளும்.

2018இல் அமெரிக்காவில் 15,802 ஐ.சி.யூ. நோயாளிகளிடம் இரு வகையையும் ஒப்பிட்டார்கள். 30 நாளுக்குள் மரணம், டயாலிசிஸ், நீடித்த சிறுநீரகப் பாதிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், சலைன் பக்கம் 15.4 சதவீதம், ஆர்.எல்., அதைப் போலவே குளோரைடு குறைந்த பிளாஸ்மாலைட் பக்கம் 14.3. பிறகு 2021இல் பிரேசிலிலும், 2022இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலும் நடந்த ஆய்வுகளில் மரணத்தில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. அவற்றில் சலைனோடு மோதியது பிளாஸ்மாலைட், ஆர்.எல். அல்ல. வித்தியாசம் சிறியதுதான், சரி. ஆனாலும் கிருமித் தொற்றால் ஷாக்கில் வருபவருக்கு என் கை முதலில் ஆர்.எல்.லுக்குத்தான் போகும்.

பைக்கில் விழுந்து தலையில் அடிபட்டு வருபவருக்கு மட்டும் சலைன். ஆர்.எல். சற்று நீர்த்த திரவம், மூளை வீக்கத்தைக் கூட்டலாம். ரத்தம் ஏறும் அதே டியூபிலும், செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் போகும் டியூபிலும் ஆர்.எல். கூடாது, அதிலுள்ள கால்சியம் வம்பு செய்யும்.

'கிட்னி பேஷன்டுக்கு ஆர்.எல். போட்டால் பொட்டாசியம் ஏறும்' என்ற பயம் இன்னும் போகவில்லை. அதில் இருப்பது லிட்டருக்கு 4 மில்லிமோல், ரத்தத்தில் இருக்கும் அளவுதான். சலைன் உண்டாக்கும் அமிலத்தன்மைதான் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது.

மாவுச்சத்திலிருந்து செய்யும் ஸ்டார்ச் பாட்டிலை மறந்துவிடலாம். 2012இல் ஸ்காண்டிநேவிய ஆய்வில், கடுமையான செப்சிஸில் (கிருமித் தொற்று உறுப்புகளைத் தாக்கும் நிலை) ஸ்டார்ச் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் 90 நாளுக்குள் இறந்தார்கள். ஆர்.எல். போன்ற ரிங்கர் அசிடேட் பெற்றவர்களில் 43. ரத்தப் புரதமான ஆல்புமின்? விலை அதிகம். கல்லீரல் சுருங்கியவர்களுக்குப் பயன்படும். மற்றவர்களுக்கு முதல் பாட்டிலாக வேண்டியதில்லை.

2012இல் கடையநல்லூர்ப் பக்கம் டெங்கு ஆட்டம் போட்டது நினைவிருக்கும். டெங்குவில் எந்த பாட்டில் என்பதைவிட எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதுதான் பெரிய கேள்வி. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம்தான். அப்புறம் கசிந்த நீர் தானாக உள்ளே திரும்பும். அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் 'ஆச்சி சோர்ந்து கிடக்கா, இன்னும் ஒரு பாட்டில் போடுங்க டாக்டர்' என்பார்கள். போட்டால் நீர் நுரையீரலில்தான் போய்ச் சேரும்.